நெல்லை வானொலியை எந்தப் பாட்டால் சோதிப்பது?

ஒரு வானொலி நிலையத்துக்குப் புதிய ஒலிக்கருவி வரும்போது விலை என்ன, உத்தரவாதம் எத்தனை ஆண்டு, பழுதானால் ஆள் எங்கிருந்து வருவார் என்பதெல்லாம் விசாரிக்கப்படுகின்றன. எந்தப் பாட்டை ஓடவிட்டு அதைச் சோதித்தார்கள் என்று மட்டும் கேட்பார் இல்லை. விற்க வருபவர் கையோடு கொண்டுவரும் வெளிநாட்டு இசைத்தட்டோ, அந்த மாதம் எல்லோர் வாயிலும் இருக்கும் திரைப்பாட்டோ ஒலிக்கும். கேட்டவர்கள் தலையசைப்பார்கள். கருவி அடுக்கில் ஏறிவிடும். அதற்குப் பிறகு பல ஆண்டுகளுக்கு அந்த நிலையத்திலிருந்து வெளியேறும் ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு வாத்தியமும் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். தனக்கென்று வாத்தியங்களும் பேச்சும் உள்ள திருநெல்வேலி போன்ற ஊரில், தவறான பாட்டை வைத்துச் செய்த சோதனை அந்த ஊரின் ஒலியையே யாரும் கவனிக்காமல் திரித்துவிடும். நெல்லைக்கு ஒலிபரப்பும் கருவியை நெல்லையின் ஒலிகளைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்பது என் வாதம். ஊர்ப்பற்று மட்டும் இதற்குக் காரணமென்றால் இத்தனை தூரம் எழுத வேண்டியதில்லை. பொறியியலே இதைத்தான் சொல்கிறது.

முதல் மறுப்பு பொறியாளர்களிடமிருந்தே வரும். பாட்டு எதற்கு, மீட்டர் இருக்கிறதே என்பார்கள். 1 கிலோஹெர்ட்ஸ் அளவில் சீரான ஒற்றை ஒலியைக் கொடுத்து, மறுமுனையில் எவ்வளவு திரிபு, எவ்வளவு இரைச்சல் என்று எண்ணிலேயே எடுத்துவிடலாம். காதை நம்பினால் ஆளுக்கு ஆள் மாறும். மைக்கின் முன்பெருக்கி, மிக்சர், கம்பி வரைக்கும் இது சரியான பேச்சு. இவற்றுக்கு மீட்டரை விஞ்சிய சோதனை இல்லை. ஆனால் இன்றைய நிலையத்தில் ஒலியை அதிகம் மாற்றுபவை இவையல்ல. டிரான்ஸ்மிட்டருக்கு முன்னால் நிற்கும் ஒலி புராசசரும், செயலிக்கும் இணையத்துக்கும் அனுப்புவதற்காக ஒலியைச் சுருக்கும் மென்பொருளுமே அதைச் செய்கின்றன. புராசசரின் வேலையே ஒலியை மாற்றுவதுதான்: மெலிந்ததைத் தூக்கும், மிகுந்ததை அமுக்கும், கீழ்ச்சுருதிக்கு ஒரு கணக்கு, மேல்சுருதிக்கு வேறொரு கணக்கு வைத்துக்கொள்ளும். வருகிற ஒலி நொடிக்கு நொடி எப்படி மாறுகிறதோ அப்படியே அதன் நடத்தையும் மாறும். சீரான ஒற்றை ஒலியைக் கொடுத்தால் ஒருமுறை அளவைச் சரிசெய்துவிட்டு அது சும்மா இருந்துவிடும். சுருக்கும் மென்பொருளுக்கோ ஒற்றை ஒலியைவிடச் சுலபமான வேலை உலகத்தில் இல்லை. ஆக, மீட்டர் சோதனை முதலில் நடக்கட்டும். அதில் தேறிய கருவிக்குப் பாட்டுச் சோதனை தொடங்கட்டும்.

எந்தப் பாட்டு என்ற கேள்விக்கு உலக அளவிலேயே ஒரு விடை இருக்கிறது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒலித்தரத்தைக் காதால் மதிப்பிடுவதற்கு வகுத்த பி.எஸ். 1116 என்ற பரிந்துரை, எல்லாக் கருவிக்கும் எல்லாச் சூழலுக்கும் பொருந்தும் சோதனை இசை என்று ஒன்று கிடையாது என்று ஒப்புக்கொள்கிறது. சோதிக்கப்படும் கருவியை எது தடுமாற வைக்குமோ அதை ஒவ்வொரு முறையும் தேடித்தான் எடுக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1988இல் வெளியிட்ட சோதனை இசைத்தட்டில் 70 தடங்கள் இருக்கின்றன. காதுக்கு இனிமை என்பதற்காக அவற்றைச் சேர்க்கவில்லை. காஸ்டனெட் என்ற கைக்கட்டை, கிளாக்கன்ஸ்பீல் என்ற உலோகப் பட்டை வாத்தியம், ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் பேச்சு என்று ஒவ்வொன்றும் ஒரு குறையைக் காட்டிக்கொடுக்கவே அதில் இருக்கிறது. எம்பி3 உருவான கதையும் இதற்குச் சாட்சி. ஜெர்மனியில் அதை உருவாக்கிக்கொண்டிருந்த கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், மற்ற இசைகளில் சரியாக வேலை செய்த தன் முறை, பக்கவாத்தியம் ஏதுமின்றி சூசன் வேகா பாடிய ‘டாம்ஸ் டைனர்’ பாட்டில் படுமோசமாக ஒலித்ததைக் கண்டார். அந்த ஒற்றைக் குரலைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டே மென்பொருளைத் திருத்தினார். தோற்கடிக்கும் ஒலியே சோதனைக்குரிய ஒலி. ஐரோப்பியர்கள் தங்களைத் தோற்கடிக்கும் ஒலிகளைத் தேடி எடுத்துக்கொண்டார்கள். அந்த 70 தடங்களில் நாகஸ்வரம் இல்லை, தவில் இல்லை, ஒரு தமிழ்ச் சொல்லும் இல்லை. இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை; அந்த வேலை நம்முடையது.

தாமிரபரணிக் கரையில் தேடினால் முதலில் கைக்கு வருவது வில்லுப்பாட்டு. சத்திரம் புதுக்குளத்தில் பிறந்து 2021இல் பத்மஸ்ரீ பெற்ற சுப்பு ஆறுமுகம் போன்றவர்கள் அதைக் கோயில் கொடையிலிருந்து வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கொண்டுபோனார்கள். ஒலிப்பொறியாளரின் காதால் கேட்டால் அது ஒரு முழுச் சோதனைக்கூடம். வில்லில் கட்டிய மணிகள் வீசுகோல் பட்டதும் உச்சத்தில் சிதறுகின்றன. குடம் அடியாழத்தில் முட்டுகிறது. உடுக்கையின் சுருதி கயிற்றை இறுக்க இறுக்க வழுக்கி ஏறுகிறது. தலைமைப் பாடகர் ஒரு வரியைப் பேச்சாகச் சொல்லி முடிக்கும் முன்பே பின்பாட்டுக்காரர்கள் ஆமாம் போட்டு எழுகிறார்கள். இந்த மணிகள் பண்பலை ஒலிபரப்புக்கு ஏன் கடினம் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். பண்பலையில் இரைச்சலைக் குறைப்பதற்காக, மேல்சுருதி ஒலிகளை வேண்டுமென்றே உயர்த்தி அனுப்பி, பெட்டியில் மறுபடி தாழ்த்திக்கொள்கிறார்கள். இந்தியாவில் கடைப்பிடிக்கும் 50 மைக்ரோநொடிக் கணக்குப்படி 15 கிலோஹெர்ட்ஸ் ஒலி கிட்டத்தட்ட 14 டெசிபல் உயர்த்தப்படுகிறது. அலை விலகலுக்கோ ஒரு பக்கம் 75 கிலோஹெர்ட்ஸ் என்று வரம்பு உண்டு. பேச்சிலும் வயலினிலும் அந்த உயரத்தில் பெரிய வலு இல்லாததால் சிக்கல் வராது. ஜால்ராவும் வில்மணியும் ஒவ்வொரு தட்டிலும் அங்கேயே தங்கள் வலுவைக் கொட்டுகின்றன. மோசமாக அமைத்த புராசசர் அந்தக் கணம் ஒட்டுமொத்த ஒலியையும் அமுக்கிவிடும். கதை சொல்பவரின் சொல் நடுவில் விழுங்கப்படும். இல்லையென்றால் மணியின் கூர்மையை வெட்டிவிடும். தகரத்தைத் தட்டிய ஓசை மிஞ்சும். இரண்டும் நடக்காமல் வில்லுப்பாட்டைக் கடத்திவிடுகிற கருவி வேறு எதையும் கடத்திவிடும்.

கணியான் கூத்தின் மகுடமும் இதே வரிசையில் வரும். சுடலைமாடன் கோயில் கொடைகளில் உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடங்கள் ஒன்றுக்கொன்று விடை சொல்லிக்கொண்டு போகும். மந்த மகுடத்தின் அடி விழும்போது உச்ச மகுடம் மங்கினால் புராசசரில் கீழ்ப்பகுதியும் மேல்பகுதியும் சரியாகப் பிரிக்கப்படவில்லை என்று பொருள். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நாகஸ்வரமும் தவிலும் வேறு இரண்டு குறைகளைக் காட்டிக்கொடுப்பவை. நாகஸ்வரம் மூச்சு விடாமல் நிரம்பி ஒலிக்கும் வாத்தியம். காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதியில் அதன் வலு குவிந்திருக்கிறது. உச்ச அளவை மட்டும் பார்த்து ஒலியைச் சரிக்கட்டும் கருவியில், மீட்டர் முள் அறிவிப்பாளர் பேசும்போது எட்டும் இடத்தையே நாகஸ்வரத்துக்கும் எட்டும். ஆனால் வீட்டில் கேட்பவர் கச்சேரி தொடங்கியதும் ஒலியைக் குறைக்க எழுவார், அது முடிந்து அறிவிப்பு வந்ததும் மறுபடி கூட்ட எழுவார். கேட்கும் சத்தத்தை அளப்பதற்கென்றே 2006இல் பி.எஸ். 1770 என்ற தனி அளவுமுறை வந்தது இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். நாகஸ்வரக் கலைஞர் காருகுறிச்சி அருணாசலம் வாழ்ந்த வட்டாரத்தில் மங்கல இசை ஓர் அன்றாட நிகழ்ச்சி. அதற்கும் அடுத்து வரும் குரலுக்கும் சமநிலை இருக்கிறதா என்பதைத்தான் முதல் நாளே பார்க்க வேண்டும். தவில் சோதிப்பது சுருக்கும் மென்பொருளை. இவ்வகை மென்பொருள் ஒலியைச் சிறு துண்டுகளாக வெட்டிக் கணக்குப் போடுகிறது. பரவலாகப் பயன்படும் ஏஏசி முறையில் ஒரு துண்டு என்பது 1,024 மாதிரிகள், நொடிக்கு 48,000 மாதிரி என்றால் ஏறக்குறைய 21 மில்லிநொடி. அமைதிக்கு நடுவே திடீரென்று ஓர் அடி விழுந்தால் கணக்கின் பிழை அந்தத் துண்டு முழுக்கப் பரவி, அடிக்கு முன்பே ஒரு சரசரப்பு கேட்கும். ஐரோப்பியர் காஸ்டனெட்டை வைத்துப் பிடித்தது இந்தக் குறையைத்தான். வலந்தலையில் விரல் கூடுகள் அடுக்கிக்கொண்டு போகிற தவில் தீர்மானம் அதைவிடக் கடினமான கேள்வியைக் கேட்கும்.

சத்தமான வாத்தியங்களை மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. மிக மெல்லியதான தம்புராதான் இவை எல்லாவற்றிலும் கடுமையான சோதனை என்பது என் எண்ணம். சர் சி.வி. ராமன் 1920களின் தொடக்கத்திலேயே தம்புராவையும் வீணையையும் ஆராய்ந்து, அவற்றின் அகன்ற வளைந்த குதிரையும், தம்புராவில் செருகும் ஜீவா நூலும் தந்தியிலிருந்து பழைய விதிகளுக்கு அடங்காத அளவு மேல்சுரங்களை எழுப்புகின்றன என்று காட்டினார். அந்த மேல்சுரங்கள் நின்ற இடத்தில் நிற்பதில்லை. ஒரு மீட்டுக்குள்ளேயே ஒன்று எழுந்து மற்றொன்று தாழும். குறைந்த பிட் அளவில் மேல்பகுதியைக் கீழ்ப்பகுதியிலிருந்து ஊகித்து ஒட்டிக்கொள்ளும் மென்பொருளுக்கு இது பெரும் சோதனை. ஊகம் தவறினால் சுருதி கலங்கி, உலோகச் சலசலப்பாகிவிடும். புராசசர் அளவு மீறி வேலை செய்கிறதா என்பதும் தம்புராவில்தான் தெரியும். பாடகர் நிறுத்திய இடத்தில் தம்புரா உப்பி எழுந்து, மிருதங்கத்தின் தொப்பியில் அடி விழுந்ததும் அமுங்கினால், கருவி ஓடிக் களைத்த ஆளைப் போல மூச்சு வாங்குகிறது என்று அறிந்துகொள்ளலாம். சுருதியே ஏறி இறங்கும் ஒலிபரப்பில் கேட்பவர் எதைப் பிடித்துக்கொண்டு ராகத்தைக் கேட்பார்?

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. மக்கள் கேட்பது திரைப்பாட்டு. கேட்பதை வைத்தே சோதித்தால் போதாதா? நேர்மையான கேள்வி. திரைப்பாட்டைச் சோதனையிலிருந்து விலக்கச் சொல்லவில்லை. 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சியாரின் நாகஸ்வரமும் ஒன்றையொன்று துரத்தும் பாட்டு சோதனைப் பட்டியலில் இருந்தே தீர வேண்டும். அந்தக் காலத்து ஒற்றைத்தடப் பதிவு, பின்னால் மெல்லிய இரைச்சல், இரண்டு மாறுபட்ட ஒலிகளின் உரசல் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. இரைச்சலைத் தூக்கிவிடாமல் அதை ஒலிக்கச் செய்வது எளிதல்ல. 1980களின் ஒரு பாட்டும் இந்த ஆண்டின் ஒரு பாட்டும் இருக்கட்டும். ஆனால் இன்றைய திரைப்பாட்டை மட்டும் வைத்துக் கருவியை அமைத்தால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும். அந்தப் பாட்டு ஸ்டுடியோவை விட்டு வெளியே வரும்போதே கடைசிச் சொட்டுவரை அமுக்கி, சமப்படுத்தி, மெருகேற்றப்பட்டிருக்கிறது. புராசசருக்கு அதில் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. எந்தக் கருவியிலும் அது நன்றாகவே ஒலிக்கும். எல்லோரையும் தேற வைக்கும் கேள்வித்தாளால் யாரையும் தரம்பிரிக்க முடியாது. அந்த அமைப்பிலேயே மறுநாள் காலை ஒரு நேரடிக் கச்சேரியோ ஊர்ப்புறத்தில் எடுத்த பேட்டியோ வரும்போதுதான் குறை வெளிப்படும். அப்போது குறை கலைஞரின் தலையில் விழும்.

பாட்டைப் பற்றியே பேசினாலும், வானொலியின் பெரும்பகுதி பேச்சுதான் என்பதை மறந்துவிடக் கூடாது. தமிழில் மலைக்கும் மழைக்கும் உள்ள வேறுபாடு நாக்கின் ஒரு சிறு வளைவு. பட்டத்துக்கும் படத்துக்கும் உள்ள வேறுபாடு வல்லெழுத்துக்கு முன் நிற்கும் ஒரு துளி மௌனம். அளவைத் தானாகத் தூக்கும் கருவி அந்த மௌனத்தைப் பின்னணி இரைச்சலால் நிரப்பிவிட்டால் இரட்டித்த ஒலி ஒற்றையாகக் கேட்கும். எனவே தமிழ்ப் பேச்சு சோதனைப் பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டும். அதுவும் இந்த ஊருக்கு உயிரான பேச்சாக இருக்கட்டும். பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. கார் சாகுபடியோ பிசானமோ, வயலில் இறங்குமுன் இந்த அணைகளின் நீர்மட்டத்தைக் கேட்கிற விவசாயிகள் உள்ள நிலம் இது. ஐம்பது என்று வாசித்தது எண்பது என்று காதில் விழுந்தால் அந்த ஒலிபரப்பு தோற்றது. ஆண் குரலிலும் பெண் குரலிலும், வேகமாகவும் நிதானமாகவும், அணைமட்டச் செய்தியை வாசித்துப் பதிந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கருவியையும் அதைக் கடத்தச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லையும் தூத்துக்குடியும் வெள்ளத்தில் மூழ்கியபோது பல இடங்களில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அற்றுப்போயின. அப்படிப்பட்ட இரவில் பேட்டரியில் ஓடும் வானொலிப் பெட்டியே மிஞ்சும் துணை. அதில் வரும் ஊர்ப்பெயரும் எண்ணும் தெளிவாகக் கேட்குமா என்பது ரசனை சார்ந்த கேள்வி ஆகாது.

டீக்கடைப் பெட்டியிலும் பேருந்திலும் கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியிலும் கேட்பவர்களுக்கு இத்தனை நுணுக்கம் எதற்கு என்பாரும் உண்டு. மத்திய அலையில் அடுத்தடுத்த நிலையங்களுக்கு இடையே 9 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. சாதாரணப் பெட்டியில் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி பெரும்பாலும் காதுக்கு வந்துசேர்வதில்லை. திருநெல்வேலி நிலையத்தை 1197 கிலோஹெர்ட்ஸில் கேட்டு வளர்ந்தவர்கள் இந்தக் குறுகிய சன்னல் வழியாகத்தான் கேட்டார்கள். உண்மை. இதே காரணத்தால்தான் சோதனை இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பேன். வழி குறுகினால் அதில் மிஞ்சுவது ஒவ்வொன்றும் முக்கியமாகிறது. நல்ல பெட்டியில் மன்னிக்கத்தக்க திரிபு, சிறு பெட்டியில் சொல்லையே தின்றுவிடும். பேருந்தின் இரைச்சலில் மெல்லிய ஒலி கேட்காது, ஓரளவு அமுக்கித் தூக்கத்தான் வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எந்த அளவு என்பதே கேள்வி. அதை முடிவு செய்ய விலையுயர்ந்த ஹெட்போனில் ஒருமுறை, மலிவான பெட்டியில் ஒருமுறை, ஓடும் வண்டியில் ஒருமுறை என்று ஒரே தடத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும். வயதானவர்களும் இளைஞர்களும் கேட்க வேண்டும். வயது ஏற ஏற மேல்சுருதி கேட்கும் திறன் குறையும் என்பதால் ஒருவரின் காது மற்றவருக்குச் சான்றாகாது.

இதெல்லாம் சொந்த விருப்பத்தை விஞ்ஞானம் என்று சொல்வது ஆகாதா என்ற ஐயத்துக்கும் விடை இருக்கிறது. அது வானொலியின் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அகில இந்திய வானொலி 1950களிலிருந்து தன் கலைஞர்களைக் குரல்தேர்வு நடத்தித் தரம்பிரிக்கிறது. பாடுபவர் யார் என்று தெரியாமல், ஒலியை மட்டும் கேட்டுத் தேர்வாளர்கள் மதிப்பிடுவது அதன் அடிப்படை. பெரிய பெயரும் சிறிய பெயரும் ஒரே தராசில் நிற்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. கலைஞருக்கு விதித்த நியதியைக் கருவிக்கும் விதிக்கச் சொல்கிறேன். மூல ஒலி ஒன்று, இரண்டு மூன்று கருவிகளின் வழியே வந்தவை சில. எது எது என்று கேட்பவருக்கும் தெரியாது, ஓட்டிக் காட்டுபவருக்கும் தெரியாது. மூலமும் பெயரில்லாமல் நடுவில் ஒளிந்திருக்கும். பி.எஸ். 1116 சொல்லும் முறையும் ஏறக்குறைய இதுவே. கருவியின் விலைச்சீட்டும் கம்பெனிப் பெயரும் காதில் நுழையாமல் தடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஒவ்வொரு தடத்துக்கும் அது ஏன் பட்டியலில் இருக்கிறது, எந்தக் குறையைப் பிடிக்கும் என்று ஒரு வரி எழுதி வைத்துவிட்டால், நாளைக்கு வேறொருவர் அதை மறுக்கலாம், மாற்றலாம். மறுக்க வழி இருக்கும் இடத்தில் விருப்பம் மட்டும் ஆட்சி செய்ய முடியாது.

செய்வதற்கு ஆட்களும் இடமும் இங்கேயே உண்டு. 1963இல் தொடங்கிய திருநெல்வேலி வானொலி நிலையத்துக்கு ஒலிப்பதிவின் அனுபவம் இருக்கிறது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறைக்கு வில்லுப்பாட்டுக் குழுக்களையும் கணியான் கலைஞர்களையும் நெருக்கமாகத் தெரியும். அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. இவர்கள் கூடி அரை மணி நேரத்துக்குள் அடங்கும் ஒரு சோதனைத் தொகுப்பை உருவாக்க வேண்டும்: வில்லுப்பாட்டு, மகுடம், நாகஸ்வரமும் தவிலும், தம்புரா சுருதியோடு ஒரு குரல், அணைமட்டச் செய்தி, நெல்லைப் பேச்சில் ஓர் உரையாடல், ஆனித் தேரோட்டத்தன்று ரதவீதியில் எடுத்த கூட்டத்தின் ஆரவாரம். இணையத்திலிருந்து இறக்கிய எம்பி3 இதற்கு உதவாது; ஏற்கெனவே சுருக்கிச் சிதைந்ததை வைத்து இன்னொரு சிதைவை அளக்க முடியாது. புதிதாக, சுருக்காமல், 24 பிட் தரத்தில் பதிய வேண்டும். பாடி வாசிப்பவர்களுக்கு முறையான ஊதியமும் பெயரும் தர வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஐரோப்பியத் தட்டின் இரண்டு மூன்று தடங்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். தொகுப்பை யாரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி வெளியிட்டால் தனியார் பண்பலைகளும் சமுதாய வானொலிகளும் எடுத்துக்கொள்ளும், கருவி செய்யும் கம்பெனிகளும் இதை வைத்தே தங்கள் சரக்கைத் திருத்தும். அது வரும்வரை, புதுக் கருவியைக் காட்ட ஆள் வந்து நிற்கும்போது நிலையத்துக்காரர்கள் ஒரு வேலை செய்யலாம்: அவர் கொண்டுவந்த தட்டை ஓரமாக வைத்துவிட்டு, தங்கள் அலமாரியிலிருந்து ஒரு வில்லுப்பாட்டுப் பதிவை எடுத்துப் போடச் சொல்லலாம்.